அணைக்க முடியாத மோட்டார்

மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் எதிர்வீட்டு அம்மா அங்கிருந்தே குரல் கொடுப்பார்: "மோட்டார் ஓடுதுங்க, ஆஃப் பண்ணலையா?" நம் வீடுகளில் மோட்டாரைப் பற்றிய கவலை அவ்வளவுதான். அணைக்க மறந்துவிடக் கூடாது. ஜெர்மனியின் மேற்கே, ரூர் ஆற்றை ஒட்டிய தொழில் நகரங்களில் கவலை தலைகீழ். அங்கே சில மோட்டார்களை அணைக்கவே கூடாது. இந்த வருடம், அடுத்த வருடம் என்ற பேச்சே இல்லை. நம் பேரப் பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள் காலத்திலும் அவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

2018 டிசம்பர் 21 அன்று பொட்ரோப் நகரின் புரோஸ்பர்-ஹானியல் சுரங்கத்தில் கடைசி நிலக்கரிக் கட்டியைத் தொழிலாளர்கள் மேலே கொண்டுவந்தார்கள். அதை ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்-வால்டர் ஸ்டைன்மையர் கையில் கொடுத்தார்கள். அந்த நாட்டில் கருநிலக்கரி வெட்டுவது அன்றோடு முடிந்தது. (நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி, ஜெர்மனியில் அது இன்னும் நிற்கவில்லை. அது வேறு கதை.) இயந்திரங்களைக் கழற்றினார்கள், ஆட்கள் மேலே வந்தார்கள், சுரங்க வாய்களை அடைத்தார்கள். நீர் இறைக்கும் வேலைக்கு மட்டும் கடைசி நாள் குறிக்க முடியவில்லை.

நீருக்கும் நிலக்கரிக்கும் உள்ள வழக்கு மிகப் பழையது. 1712இல் இங்கிலாந்தின் டட்லி அருகே தாமஸ் நியூகமன் தன் நீராவி இயந்திரத்தை நிறுவினார். ரயில் இழுக்கவோ நூல் நூற்கவோ அல்ல, ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கிய நீரை வெளியேற்றத்தான். நிலக்கரியை எரித்து நீரை இறைப்பது, நீர் வடிந்த இடத்தில் மேலும் நிலக்கரி வெட்டுவது என்று சுற்றியது அந்தச் சக்கரம். மூன்று நூற்றாண்டு கழித்து ரூரில் நிலக்கரிக்கு விடை கொடுத்தாயிற்று. இறைக்க வேண்டிய நீர் மட்டும் அப்படியே இருக்கிறது.

மூடிய சுரங்கம் நிரம்பினால் நிரம்பட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றும். அதற்கு விடை நிலத்துக்கு மேலேயே கிடைக்கிறது.

ரூரில் நிலக்கரி அடுக்குகள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மீட்டர் கனம்தான். ஒரு அடுக்கை இயந்திரம் நீளவாக்கில் சீவிக்கொண்டே போகும். ஆட்களின் தலைக்கு மேலே ஹைட்ராலிக் தாங்கிகள் கூரையைப் பிடித்திருக்கும். இயந்திரம் முன்னேறும்போது தாங்கிகளும் முன்னே நகரும். பின்னால் கூரை இடிந்து விழும். விபத்து இல்லை, திட்டமே அதுதான். விழுந்த பாறைக்கு மேலிருக்கும் பாறை, அதற்கும் மேலிருக்கும் மண் என்று தாழ்வு மெல்ல மேலேறி, கடைசியில் வீதிகளும் வீடுகளும் சேர்ந்து சில அடி கீழே இறங்கும். ஒன்றன் கீழ் ஒன்றாகப் பல அடுக்குகளை நூறு நூற்றைம்பது வருடம் எடுத்தால்? எஸ்ஸன் நகரின் வடபகுதி போன்ற சில இடங்களில் நிலம் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. ஆறேழு மாடி உயரம். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் தெருவும் தேவாலயமும் டிராம் தண்டவாளமும் கூடவே இறங்கியிருக்கின்றன.

இந்தத் தாழ்வை ஒருமுறை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிடித்த கிளைக்கதை. டூயிஸ்பர்க்கில் ரைன் நதி தன் படுகையைத் தானே அரித்துக் கீழிறங்கியது. நதி மட்டம் இறங்கவே பக்கத்துத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு ஆழம் போதவில்லை. 1950, 60களில் துறைமுகத்துக்கு நேர் கீழே அளவு பார்த்து நிலக்கரி வெட்டினார்கள். கப்பல்கள் வந்துபோய்க்கொண்டிருக்க, துறைமுகம் முழுவதும் ஏறத்தாழ 2 மீட்டர் கீழே இறங்கி நதியோடு சமமாயிற்று.

ஆனால் ஆறுகளுக்கு இது பெரும் தொல்லை. எம்ஷர் என்ற சிற்றாறு ரைனில் கலக்கும் இடம் தாழ்ந்துபோனதால், அதன் முகத்துவாரத்தை 1910இலும் 1949இலும் வடக்கே நகர்த்த வேண்டியிருந்தது. நிலம் அசைகிற ஊரில் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் பதித்தால் உடைந்துவிடும். அதனால் அந்த ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கி, பல லட்சம் பேரின் கழிவுநீரைத் திறந்தவெளியில் ஓடவிட்டார்கள். சுரங்க வேலை அங்கிருந்து விலகி நிலம் அடங்கிய பிறகுதான், 1992இல் தொடங்கி, 51 கிலோமீட்டர் நீளப் பெருங்குழாயை மண்ணுக்குள் பதித்தார்கள். 2021 முடிவில் எம்ஷர் சாக்கடையிலிருந்து விடுபட்டது.

இப்போது அந்த நிலத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். நசுங்கிய அலுமினியத் தட்டு போல அங்கங்கே பள்ளம். பெய்த மழை பள்ளத்தில் நிற்கும். ஆறோ கரை கட்டிய உயரத்தில் ஓடுகிறது. பள்ளத்து நீர் தானாக ஆற்றில் ஏறாது. எம்ஷர் வடிநிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இப்படிப்பட்ட தாழ்நிலம். இதற்கு டச்சுக்காரர்களின் சொல்லைக் கடன் வாங்கி 'போல்டர்' என்கிறார்கள்: சுற்றிலும் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்த, இறைத்தால் மட்டுமே காய்ந்திருக்கும் நிலம். மோட்டார்கள் நின்றால் வீடும் கடையும் ரயில் நிலையமும் ஏரியாகும். இது மேல்தளத்து மோட்டார்களின் கணக்கு. நம் கதை நாயகர்கள் இதற்கும் கீழே, வெகு ஆழத்தில் இருக்கிறார்கள்.

மழைநீர் பாறை விரிசல்களில் ஊறிப் பழைய சுரங்கப் பாதைகளில் இறங்குகிறது. அடியிலிருந்து பழமையான உவர்நீரும் கசிகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் சுரங்க நீர். கடைசிச் சுரங்கங்கள் மூடப்பட்ட காலத்தில் ரூர் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி கன மீட்டர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் இரண்டரை டிஎம்சி. பூண்டி ஏரி நிரம்பியிருக்கும்போது அதில் முக்கால் பங்கு.

இவ்வளவையும் அடியாழத்திலிருந்து தூக்குவது வீண் செலவு, ஏனென்றால் ஆட்கள் இல்லாத சுரங்கம் காய்ந்திருக்கத் தேவையில்லை. அப்படியானால் முழுக்க நிரப்பிவிடலாமா? அதுவும் ஆகாது. ஆழத்து நீர் உப்பு. சில இடங்களில் கடல்நீரைவிட உப்பு. மேலே வடக்குப் பக்கம் ஹால்டெர்ன் மணற்படுகை இருக்கிறது, ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்குக் குடிநீர் தரும் நிலத்தடி ஊற்று. இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த எம்ஷர் மார்ல் என்ற கனத்த பாறைப்படலம் மூடிபோலக் கிடக்கிறது. அந்த மூடியை மட்டும் நம்பிப் பத்து லட்சம் பேரின் தண்ணீரைப் பணயம் வைக்க யாரும் தயாராயில்லை. ஆக, குடிநீருக்கும் சுரங்க நீருக்கும் நடுவே குறைந்தது 150 மீட்டர் இடைவெளி இருந்தாக வேண்டும் என்று கோடு கிழித்தார்கள்.

அந்தக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு உயரம்வரை நீரை ஏறவிடலாம் என்பதுதான் முழு வித்தையும். இடத்துக்கு இடம் விடை மாறுகிறது. வடக்கே அது கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 600 மீட்டர் கீழே. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்பது முறை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் உயரம். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியளவு நீரை 600 மீட்டர் தூக்க, எந்த இழப்பும் இல்லாவிட்டால்கூட 1.6 யூனிட் மின்சாரம் வேண்டும். நீர்மட்டம் 100 மீட்டர் உயர்ந்தால் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் மிச்சம். அற்பம்தான். 7 கோடி கன மீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு 1.9 கோடி யூனிட்.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் கையில் இருந்தது. நூற்றைம்பது வருடத்தில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கங்கள் பூமிக்கடியில் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. ஒரு சுரங்கத்தில் ஏறும் நீர் இன்னொன்றில் போய் நிற்கும், டியூப் லெவலின் இரு முனையிலும் நீர் சமமாக நிற்பது போல. இப்படி இணைந்த சுரங்கக் கூட்டத்தை 'நீர் மாகாணம்' என்கிறார்கள். மாகாணம் முழுவதற்கும் ஒரே வாயில் மோட்டார் வைத்தால் போதும். எஸ்ஸனில் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்ட ட்ஸோல்ஃபெரைன் சுரங்கத்திலும் பல வருடம் நீர் இறைத்தார்கள், மேலே சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருக்க. புதிய திட்டப்படி அந்த நீர் அங்கே மேலே வராது. பொட்ரோப் உள்ளிட்ட இடங்களின் நீரோடு சேர்ந்து, பழைய சுரங்கப் பாதைகள் வழியே மேற்கே பயணம் செய்து, டின்ஸ்லாக்கனில் உள்ள லோபெர்க் சுரங்கத்தில் மட்டும் மேலேறி ரைனில் விழும். எம்ஷர் போன்ற சிற்றாறு உப்பைத் தாங்காது, ரைன் தாங்கும். ரூர் பகுதி முழுவதற்கும் ஆறு இறைப்பு நிலையங்கள் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒரு பழைய சுரங்கத்தின் பெயர் 'ஃபிரீட்லிஷர் நாஹ்பார்', சண்டை போடாத அண்டைவீட்டுக்காரர் என்று பொருள். மாகாணங்களை இணைக்க இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பழைய முறையில் மோட்டார் அறை பூமிக்கடியில் இருந்தது. பழுது பார்க்க ஆள் இறங்க வேண்டும். ஆள் இறங்கினால் காற்றோட்டம் வேண்டும், கூண்டு ஏற்றி இறக்கும் இயந்திரம் வேண்டும், ஒரு முழுச் சுரங்கத்தையே உயிரோடு வைத்திருக்க வேண்டும். புதிய முறை நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றை அப்படியே பெரிதாக்கியதுதான். சுரங்கத்தின் செங்குத்துக் குழியில் நீண்ட உறைக்குழாய்களை இறக்கி, குழியை நிரப்பிவிடுகிறார்கள். உறைக்குழாய்க்குள் சப்மெர்சிபிள் மோட்டாரைத் தொங்கவிடுகிறார்கள். கெட்டுப்போனால் மேலே இழுத்து மாற்றவேண்டியதுதான். போர் போட்டவர்களுக்கு மற்றதைச் சொல்லத் தேவையில்லை. வித்தியாசம் அளவில் இருக்கிறது: 600 மீட்டர் நீர்த்தூணைத் தள்ளும் மோட்டார் ஏறத்தாழ 60 பார் அழுத்தம் தர வேண்டும். கார் டயரில் இருப்பதைப் போல 25 மடங்குக்கும் மேல்.

மேலே வந்த நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால் தெளிவாகவே இருக்கும். கொஞ்ச நேரம் வைத்திருங்கள். மெல்ல மஞ்சள் படரும், பிறகு துருநிறம், அடியில் காவிச் சேறு. இரும்பு கலந்த போர் தண்ணீரை வாளியில் பிடித்து வைப்பவர்கள் இதே மாயத்தைப் பார்த்திருப்பார்கள். நிலக்கரியோடு பைரைட் என்ற தாது கலந்திருக்கிறது: இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, தங்கம் போல மின்னும். சுரங்கம் தோண்டியபோது அதில் காற்றுப் பட்டது. காற்றும் ஈரமும் சேர்ந்து அதைக் கரையும் இரும்பாகவும் கந்தக அமிலமாகவும் உடைக்கின்றன. இதனால்தான் சுரங்கம் நிரம்பும்போது முதலில் வரும் நீர் மிக மோசமாக இருக்கும். இத்தனை வருடம் பாறைமேல் சேர்ந்த உப்பையெல்லாம் அது கழுவிக்கொண்டு வருகிறது. ஆனால் முங்கிய பைரைட்டுக்குக் காற்றுக் கிடைக்காது, சிதைவும் நின்றுவிடும். நிரப்புவதுதான் நோய்க்கும் மருந்து. பொறுமை வேண்டும், பல பத்து வருடம்.

இங்கே இயற்கை ஒரு கை கொடுக்கிறது. நன்னாரி சர்பத்தைக் கலக்காமல் விட்டால் சிரப் அடியிலேயே நிற்கும் அல்லவா? கனமான உப்புநீர் குழியின் அடியிலும், மழையால் வந்த இலகுவான நீர் மேலேயும் தனித்தனி அடுக்காக நிற்கும். இதற்கு அடர்த்தி அடுக்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். மோட்டார் வேகமாக உறிஞ்சி அடுக்கைக் கலக்கிவிடாமல் இருந்தால், உப்பின் பெரும்பகுதி யாருக்கும் தொந்தரவில்லாமல் கீழேயே தங்கிவிடும். சர்பத்துக்கு ஸ்பூன் போடாமல் மேலாக ஸ்ட்ரா வைக்கிற நிதானம்தான் தேவை.

தவறான இரண்டு நீர் சந்தித்தாலும் வம்பு. ஆழத்து நீரில் பேரியம் இருக்கிறது, மேல்நீரில் சல்பேட் இருக்கிறது. கலந்த நொடியே இரண்டும் கெட்டியாகிக் குழாய்ச் சுவரில் வெள்ளைப் பாறையாக ஒட்டும். வயிற்று எக்ஸ்ரேக்கு முன் நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கும் அதே பேரியம் சல்பேட்டுதான். எந்த நீர் எந்த வழியில் போய் எதைச் சந்திக்கிறது என்பதையும் பார்த்துத்தான் பாதை வகுக்க வேண்டியிருக்கிறது. பழைய ஹைட்ராலிக் எண்ணெய்களில் இருந்த பிசிபி என்ற நச்சு வேறு பூமிக்கடியில் தங்கிவிட்டது. நீரோட்டம் மெதுவானால் அது சேற்றோடு படிந்துவிடும் என்கிறது சுரங்க நிறுவனம். சூழலியல் அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அவர்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் படிந்தது படிந்தபடி இருக்கும் என்று இத்தனை ஆழத்தில் யார் போய்ப் பார்ப்பது?

நீர் ஏற ஏற நிலமும் லேசாக ஏறுகிறது என்பது இன்னொரு வேடிக்கை. பாறைத் துளைகளில் நீரழுத்தம் கூடும்போது, காய்ந்த பஞ்சு நனைந்து உப்புவது போல நிலம் சற்று எழும். தாழ்ந்ததில் மிகச் சிறிய பங்குதான் திரும்பக் கிடைக்கும். ஊர் முழுவதும் ஒரே அளவில் எழுந்தால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நிலப்பிளவின் ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் எழாமல் போனால், பிளவின்மேல் இருக்கும் வீடு விரிசல் விடும். நெதர்லாந்து எல்லையை ஒட்டிய வாஸன்பர்க்கில் அப்படித்தான் ஆயிற்று. அதனால் இப்போது செயற்கைக்கோள் ரேடார் கொண்டு நில உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். ஏறும் நீர் சுரங்கத்தில் எஞ்சிய மீத்தேனையும் பிஸ்டன் போல மேலே தள்ளும். அதைக் குழாயில் பிடித்து இயந்திரம் ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள்.

வெப்பமும் வீணாவதில்லை. பூமிக்குள் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 டிகிரி சூடு கூடும். போஹுமில் ராபர்ட் மியூசர் என்ற பழைய சுரங்கத்திலிருந்து வரும் நீர் வருடம் முழுவதும் ஏறத்தாழ 20 டிகிரியில் இருக்கிறது. வெளியே பனி கொட்டும் ஊரில் அது வெந்நீர் மாதிரி. அந்தச் சூட்டை எடுத்து இரண்டு பள்ளிகளையும் ஒரு தீயணைப்பு நிலையத்தையும் கதகதப்பாக வைக்கிறார்கள்.

இத்தனைக்கும் யார் பணம் கொடுப்பது? நிலக்கரி விற்ற வருமானம் இனி இல்லை. என்னைக் கேட்டால், மோட்டாரைவிட இந்தக் கணக்குதான் பெரிய கண்டுபிடிப்பு. 2007இல் ஆர்.ஏ.ஜி. என்ற நிலக்கரி நிறுவனத்தின் பெயரில் ஓர் அறக்கட்டளையை உருவாக்கினார்கள். நீர் இறைப்பு, தாழ்நில வடிகால், மாசடைந்த நிலத்தடி நீரைச் சுத்தம் செய்வது ஆகிய மூன்றுக்கும் 'நித்தியப் பணிகள்' என்றே அதிகாரபூர்வப் பெயர். ஆண்டுக்கு 22 கோடி யூரோ ஆகும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். முதலைத் தொடாமல் வருமானத்தில் மட்டும் இதைக் கட்ட வேண்டும். 3 சதவீத வருமானம் என்று வைத்தால் முதல் மட்டும் 730 கோடி யூரோ வேண்டும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இதே யோசனை இருக்கிறது. கோயிலில் நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளை ஒருவர் தானமாக விடுவார். இடையர் அவற்றை வளர்த்து நாள்தோறும் உழக்கு நெய் அளப்பார். சில ஆடுகள் செத்தாலும் குட்டிகள் வருவதால் மந்தை குறையாது. கல்வெட்டு அவற்றை 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்கிறது: சாகாத, கிழடாகாத ஆடுகள். ரூரின் சாவா மூவாப் பேராடு எவோனிக் என்ற ரசாயன நிறுவனத்தின் பங்குகள். நிலக்கரி நிறுவனத்தின் ரசாயனப் பிரிவாக இருந்து பிரிந்தது அது. அதன் முக்கியச் சரக்குகளில் ஒன்று கோழித் தீவனத்தில் கலக்கும் மெத்தியோனின். உலகம் கோழி தின்னும் லாபத்திலிருந்து ஒரு பங்கு போய் ஜெர்மனியில் சுரங்க நீரை இறைக்கிறது! பங்கு சரிந்து அறக்கட்டளையின் பணம் போதாமல் போனால் மத்திய அரசும் நிலக்கரி மாநில அரசுகளும் ஈடு செய்ய ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2019 முதல் நித்தியப் பணிகளின் செலவை அறக்கட்டளைதான் ஏற்றிருக்கிறது.

புதிதாகச் சுரங்கம் திறக்கும் எவரும் எத்தனை டன் கிடைக்கும் என்பதோடு இந்த ஆட்டு மந்தையையும் முதல் நாளே காட்டவேண்டும். ரூரிலேயே, தோண்டத் தொடங்கியவர்கள் இதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. மூடும் நேரத்தில்தான் மந்தையைத் தேடினார்கள். தேடியபோது கிடைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

போஹுமில் உள்ள கேயோர்க் அக்ரிகோலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சுரங்கம் வெட்டுபவர்களுக்கான பள்ளியாக 1816இல் தொடங்கியது. இப்போது அங்கே சுரங்கம் மூடிய பிறகு செய்யவேண்டியவற்றுக்கென்றே தனி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, முதுகலைப் பட்டமும் இருக்கிறது. லோபெர்க்கில் நீர் இன்னும் குறித்த மட்டத்தைத் தொடவில்லை. 2030களில் தொடும் என்பது கணக்கு. அதுவரை அங்கே மோட்டாருக்கு ஓய்வு. மட்டம் பார்க்கும் கருவிக்கு மட்டும்தான் வேலை.